நஞ்சின் தடம் கண்ட ஸ்டாஸ்

வாளால் வெட்டுண்டவன் உடலில் காயம் இருக்கும்; கயிற்றால் நெரிக்கப்பட்டவன் கழுத்தில் தழும்பு இருக்கும். நஞ்சுண்டு மாண்டவன் உடலிலோ பல வேளைகளில் கண்ணுக்குத் தெரியும் அடையாளம் ஒன்றுமே இராது. நோயால் இறந்தான் என்று ஊரார் நம்புவர், உறவினர் அழுவர், நஞ்சிட்டவனும் அவர்களோடு நின்று கண்ணீர் வடிப்பான். கொலைக் கருவிகளுள் நஞ்சைப்போல் அரசர் முதல் ஆண்டி வரை அனைவரும் அஞ்சிய கருவி வேறில்லை.

இன்று நிலைமை பெரிதும் மாறிவிட்டது. இறந்தவரின் ஈரலில் ஒரு சிறு துண்டு, உயிரோடிருப்பவரின் சில துளிக் குருதி, ஒரு குப்பி சிறுநீர், ஒரு கற்றை மயிர் ஆகியவற்றுள் ஏதேனும் கிடைத்தால், அதில் அபின் சத்து உண்டா, தூக்க மருந்து உண்டா, உண்டெனின் எவ்வளவு என்று சோதனைச்சாலைகள் ஆராய்ந்து அறிவிக்கின்றன. செய்தித்தாளில் இரண்டு வரியாக நாம் படித்துவிட்டுப் போகும் அந்த அறிவிப்புக்குப் பின்னே ஒரு நீண்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் தலைவாயிலில் நிற்பவர் பெல்ஜிய நாட்டு இரசாயனப் பேராசிரியர் ழான் செர்வே ஸ்டாஸ்.

உலகம் ஸ்டாஸை இரண்டு காரணங்களுக்காக நினைவில் வைத்திருக்கிறது. ஒரு கொலை வழக்கில் இறந்தவனின் உடலிலிருந்து தாவர நஞ்சைப் பிரித்தெடுத்துக் காட்டியவர் அவர். மூலகங்களின் அணு எடைகளை அதுவரை எவரும் எட்டாத நுட்பத்தோடு அளந்தவரும் அவரே. முன்னது சில மாதப் பணி. பின்னதில் அவர் பல்லாண்டுகளைச் செலவிட்டார். ஒன்று நீதிமன்றத்தைச் சார்ந்தது, மற்றொன்று தராசுத் தட்டைச் சார்ந்தது. ஆயினும் இரண்டையும் இயக்கியது ஒரே குணந்தான். தம் கையிலுள்ள பொருள் என்ன சொல்கிறதோ அதை மட்டுமே கேட்பது, அதற்கு மேல் ஒரு சொல்லும் கூட்டாதிருப்பது என்பதே அக்குணம்.

இளமையும் கல்வியும்

ஸ்டாஸ் 1813-ஆம் ஆண்டு ஆகஸ்டு 21-ஆம் நாள் லூவேன் நகரில் பிறந்தார். அவர் முதலில் பயின்றது மருத்துவம். ஆனால் நோயாளியின் நாடியைக் காட்டிலும் சோதனைக் குழாயே அவரைக் கவர்ந்தது. மாணவப் பருவத்திலேயே ஆப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து ‘ஃபுளோரிசின்’ என்னும் பொருளைப் பிரித்தெடுக்கும் ஆராய்ச்சியில் ஈடுபட்டார். செடி கொடிகளின் திசுக்களில் பல பொருள்களோடு கலந்து கிடக்கும் ஒன்றைச் சிதைக்காமல் தனியே பிரிக்கும் கலையில் அவர் கை பழகியது அப்போதுதான். அந்தப் பழக்கம் பின்னாளில் எங்கே உதவப் போகிறது என்பதை அன்று யார் அறிவார்?

1837-இல் அவர் பாரிஸ் சென்று, அக்காலத்தின் தலைசிறந்த இரசாயன அறிஞர்களுள் ஒருவரான டூமாவிடம் சேர்ந்தார். ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து கரியின் அணு எடையைப் புதிதாக அளக்க முற்பட்டனர். வைரத்தையும் கிராஃபைட்டையும் தூய ஆக்சிஜனில் எரித்து, உண்டான கரியமிலவாயுவை நிறுத்துப் பார்த்தனர். சுவீடன் நாட்டுப் பேரறிஞர் பெர்சீலியஸ் கணித்த எண் 12-க்குச் சற்று மேற்பட்டிருந்தது. அவர் சொல்லை மறுக்க அக்காலத்தில் பலர் துணியார். ஆனால் தராசு வேறு விடை சொல்லிற்று. கரியின் அணு எடை 12 என்றே வைத்துக்கொள்ளலாம் என்று 1840-இல் இருவரும் நிறுவினர்.

அதே ஆண்டில் ஸ்டாஸ் தாய்நாடு திரும்பி, பிரஸ்ஸெல்ஸ் நகரத்து அரச இராணுவப் பள்ளியில் இரசாயனப் பேராசிரியரானார். தம் வீட்டிலேயே ஒரு சோதனைச்சாலையை அமைத்து ஆராய்ச்சிகளை நடத்தி வந்தார். அந்த வீட்டுச் சோதனைச்சாலைக்குத்தான் பத்தாண்டுகள் கழித்து, முத்திரையிட்ட கண்ணாடிச் சாடிகள் வந்து சேர்ந்தன.

அறிஞரைத் திகைக்க வைத்த புதிர்

அந்தச் சாடிகளின் கதைக்குப் போகுமுன், அன்றைய நச்சு இயல் எந்த நிலையில் இருந்தது என்பதைப் பார்க்க வேண்டும். அக்காலத்தில் கொலைஞர்கள் மிகுதியாகப் பயன்படுத்தியது பாஷாணம், அதாவது ஆர்சனிக். 1836-இல் ஜேம்ஸ் மார்ஷ் என்னும் ஆங்கிலேயர் மிகச் சிறிதளவு பாஷாணத்தையும் காட்டிக்கொடுக்கும் சோதனையொன்றை வெளியிட்டார். 1840-இல் பிரான்சில் நடந்த புகழ்பெற்ற லஃபார்ஜ் வழக்கில், நச்சு இயலின் தந்தை எனப் போற்றப்படும் ஓர்ஃபிலா அச்சோதனையைத் துணைக்கொண்டு இறந்தவரின் உடலில் பாஷாணம் உண்டென்று காட்டினார். இவ்வாறு உலோக நஞ்சுகளின் ஆட்சி முடிவுக்கு வரத் தொடங்கியது.

ஆனால் இயற்கையின் நச்சுக் களஞ்சியத்தில் இன்னொரு வகை உண்டு. அபின், எட்டிக்கொட்டை, ஊமத்தை, புகையிலை முதலியவற்றில் உறையும் ஆல்கலாய்டுகள் அவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இரசாயன அறிஞர்கள் இவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தனர். அபினிலிருந்து மார்ஃபின் கிடைத்தது. 1818-இல் ஸ்டிரிக்னின் கிடைத்தது. 1828-இல் புகையிலையிலிருந்து நிக்கோட்டின் கிடைத்தது. மருந்துக்கென்று பிரித்த இவற்றைக் கொலைக்குப் பயன்படுத்தவும் ஆட்கள் முன்வந்தனர். 1823-இல் பாரிஸில் கஸ்தேங் என்னும் இளம் மருத்துவர் மார்ஃபினால் நண்பரைக் கொன்றார் என்று குற்றஞ்சாட்டப்பட்டார். அவர் மார்ஃபின் வாங்கியது தெரிந்தது. நண்பர் இறந்ததும் தெரிந்தது. ஆனால் உடலில் மார்ஃபினைக் கண்டெடுக்க எவராலும் முடியவில்லை. சூழ்நிலைச் சான்றுகளைக் கொண்டே அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது.

ஏன் முடியவில்லை? பாஷாணத்தைத் தேடுபவர்கள் முதலில் உறுப்புகளை அமிலத்தில் காய்ச்சியோ கரியாக்கியோ தசையை அழித்துவிடுவர். தசை அழிந்தாலும் பாஷாணம் அழியாது. எஞ்சியதில் அதைப் பிடித்துவிடலாம். தாவர நஞ்சோ தசையைப் போலவே கரி, ஹைட்ரஜன், நைட்ரஜன் ஆகியவற்றால் ஆனது. குப்பையில் விழுந்த பொற்காசைத் தேடுபவன் குப்பையைக் கொளுத்தினால் காசு எஞ்சும். விழுந்தது ஓர் ஓலைச்சீட்டு என்றால், குப்பையோடு சீட்டும் எரிந்து போகும். தாவர நஞ்சை உடலில் கண்டுபிடித்தல் இயலுமா என்று ஓர்ஃபிலாவே ஐயுற்றிருந்தார்.

பித்ரமோன் மாளிகையில் ஒரு மாலை

பெல்ஜியத்தின் ஹைனோ மாநிலத்தில், பரி என்னும் சிற்றூரில் உள்ளது பித்ரமோன் மாளிகை. அங்கே இப்போலித் விசார் தெ பொக்கார்மே என்னும் கோமகனும் அவர் மனைவி லிடீயும் வாழ்ந்தனர். ஆடம்பரம் மிகுதி, வருவாய் குறைவு, கடனோ தலைக்குமேல். லிடீயின் சகோதரர் குஸ்தாவ் ஃபூனி கால் ஒன்றை இழந்தவர், உடல் நலிந்தவர். அவர் மணமாகாமல் இறந்தால் அவர் சொத்து தமக்கே வரும் என்று தம்பதிகள் காத்திருந்தனர். 1850-இல் குஸ்தாவ் திருமணம் செய்துகொள்ள முடிவு செய்தார். அந்தச் செய்தி அவருக்கு யமனாக வந்தது.

அவ்வாண்டு நவம்பர் 20-ஆம் நாள் குஸ்தாவ் மாளிகைக்கு விருந்தினராக வந்தார். மாலையில் உணவறையில் உயிர் துறந்தார். திடீர் நோயால் இறந்தார் என்று வீட்டார் கூறினர். ஆனால் வேலையாட்கள் கண்ட காட்சிகள் வேறு. இறந்தவர் வாயில் காடி ஊற்றப்பட்டது. அவர் உடைகள் அவசரமாகக் கழுவப்பட்டன. உணவறையின் தரை சுரண்டித் தேய்க்கப்பட்டது. பிணத்தின் வாயிலும் முகத்திலும் எரிந்த புண்கள் இருந்தன. விசாரணை நீதிபதி ஐயங்கொண்டு, உறுப்புகளை எடுத்துச் சாராயத்தில் இட்டு, சாடிகளை முத்திரையிட்டு, பிரஸ்ஸெல்ஸுக்கு ஸ்டாஸிடம் அனுப்பினார்.

ஸ்டாஸ் சாடியைத் திறந்ததும் காடியின் நெடி மூக்கைத் துளைத்தது. காடி குடித்ததால் மரணம் நேர்ந்தது என்று முடித்திருக்கலாம். எளிய விடை கையெட்டும் தூரத்தில் இருந்தது. ஸ்டாஸ் அதை ஏற்கவில்லை. வேறொன்றின் மணத்தை மறைக்கவே காடி ஊற்றப்பட்டதோ என்று எண்ணினார். பொருளைச் சிதைக்காமல் பிரிக்க வேண்டும் என்ற தம் பழைய பாடத்தை நினைவிற் கொண்டு, நீரும் சாராயமும் கொண்டு மீண்டும் மீண்டும் கரைத்தார், வடித்தார், மெல்லிய வெப்பத்தில் வற்றவைத்தார்.

இங்கே அவருக்குத் துணை நின்றது ஆல்கலாய்டுகளின் ஓர் இயல்பு. அமிலத்தோடு சேர்ந்தால் ஆல்கலாய்டு உப்பாக மாறும். அந்த உப்பு நீரிலும் சாராயத்திலும் கரையும். காரம் சேர்த்தால் ஆல்கலாய்டு உப்பினின்று விடுபடும். விடுபட்டதும் நீரை விட்டு ஈதரை நாடும். ஆகவே அமிலம் கலந்த சாராயத்தில் உறுப்புகளை ஊறவைத்தால், புரதப் பொருள்கள் திரண்டு ஒதுங்க, நஞ்சு கரைந்து வெளிவரும். சாராயத்தை வற்றச்செய்து நீர் சேர்த்தால் கொழுப்பு கரையாமல் நின்றுவிடும். நஞ்சு நீரோடு வடியும். பின்னர்க் காரம் சேர்த்து ஈதருடன் குலுக்கினால், ஈதர் நஞ்சைத் தன்பால் வாங்கிக்கொண்டு மேலே மிதக்கும். ஈதரைத் தனியே எடுத்துக் காற்றில் ஆவியாகவிட்டால், எஞ்சுவது நஞ்சு.

ஸ்டாஸ் பொட்டாஷ் காரம் சேர்த்து, ஈதருடன் குலுக்கி, ஆவியாக விட்டார். கிண்ணத்தின் அடியில் எண்ணெய் போன்ற துளிகள் நின்றன. அவற்றின் நாற்றம் புகையிலை நாற்றம். அது நிக்கோட்டின்! கொலையை மறைக்க ஊற்றிய காடியே ஓர் அமிலம் என்பதை நினைத்துப் பாருங்கள். அந்த அமிலம் ஆவியாகக்கூடிய நிக்கோட்டினை உப்பாகக் கட்டிப்போட்டுக் காத்து வைத்திருந்தது. குற்றவாளியின் தந்திரமே ஆராய்ச்சியாளருக்குப் பாதி வேலையை முடித்து வைத்தது.

நாற்றத்தை மட்டும் நம்பி ஸ்டாஸ் எழுதுகோலை எடுக்கவில்லை. கிடைத்த பொருளைப் பல வினைப்பொருள்களோடு சேர்த்துப் பார்த்தார். ஐயத்துக்கிடமற்ற தூய நிக்கோட்டினும் அதே வினைகளைத் தருகின்றதா என்று ஒப்பிட்டார். ஓர் உறுப்பில் கண்டதைப் பிற உறுப்புகளிலும் தேடினார். விலங்குகளுக்கு நிக்கோட்டின் கொடுத்து, விளைவுகளை இறந்தவர் உடலில் கண்டவற்றோடு வைத்துப் பார்த்தார். உணவறைத் தரைப் பலகையிலும் நிக்கோட்டினைக் கண்டார். இவ்வளவும் செய்த பின்னரே நீதிபதிக்குத் தம் முடிவைத் தெரிவித்தார்.

சோதனைச்சாலை ஒரு சொல்லைத் தந்தது. அச்சொல்லைப் பற்றிக்கொண்டு விசாரணை வேகமாக நடந்தது. கோமகன் கெண்ட் நகரில் ஓர் இரசாயன ஆசிரியரிடம் பொய்ப் பெயரோடு சென்று, புகையிலையிலிருந்து நிக்கோட்டின் எடுக்கும் முறையைக் கற்றிருந்தார். பெருமளவு புகையிலை வாங்கி மாளிகையிலேயே காய்ச்சி வடித்திருந்தார். அதற்கு உதவிய தோட்டக்காரனிடம் நறுமண நீர் செய்வதாகச் சொல்லியிருந்தார். நஞ்சைச் சோதித்துப் பார்க்கக் கொன்ற விலங்குகளின் உடல்களும் தோண்டியெடுக்கப்பட்டன.

1851-ஆம் ஆண்டு மே, ஜூன் மாதங்களில் மோன்ஸ் நகரில் வழக்கு நடந்தது. உடலில் நிக்கோட்டின் இருந்ததை மறுக்க வழியில்லாமையால், கணவர் பழியை மனைவிமேலும் மனைவி கணவர்மேலும் சாய்த்தனர். கோமகனுக்கு மரண தண்டனை கிடைத்தது. ஜூலை 19-ஆம் நாள் அவர் தலை துண்டிக்கப்பட்டது. லிடீ விடுதலை செய்யப்பட்டாள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாடிக்குள் இருந்தது நிக்கோட்டின் என்று ஸ்டாஸ் சொன்னார். அதை ஊற்றிய கை யாருடையது என்று அவர் சொல்லவில்லை. சாடி அதைச் சொல்லாது. அது சாட்சிகளும் நீதிமன்றமும் சொல்ல வேண்டியது. ‘என்ன நஞ்சு’ என்ற கேள்வியும் ‘யார் இட்டது’ என்ற கேள்வியும் வெவ்வேறு என்னும் இந்த எல்லைக்கோட்டை மறந்தால், சோதனைச்சாலை நீதிக்குத் துணையாவதற்குப் பதிலாகத் தீங்காக முடியும்.

முறை பரவிய விதம்

ஸ்டாஸின் முறையை 1856-இல் ஜெர்மானியரான ஓட்டோ திருத்தியமைத்தார். காரம் சேர்க்குமுன், அமில நிலையிலேயே ஒருமுறை ஈதரால் கழுவினால், கொழுப்பும் நிறப்பொருள்களும் ஈதரோடு போய்விடும். பின்னர்க் கிடைக்கும் ஆல்கலாய்டு இன்னும் தூயதாக இருக்கும். அன்று முதல் இது ‘ஸ்டாஸ்-ஓட்டோ முறை’ எனப் பெயர் பெற்றது. மார்ஃபின், ஸ்டிரிக்னின், அட்ரோப்பின் என்று ஆல்கலாய்டுகள் பல இம்முறையில் அகப்பட்டன.

நம் நாட்டிலும் இம்முறை வேரூன்றியது. பித்ரமோன் கொலைக்கு ஓராண்டு முன்னதாக, 1849-இல், சென்னையில் அரசினரின் இரசாயனப் பரிசோதகர் நிலையம் தொடங்கப்பெற்றது; இந்தியாவில் இத்தகைய நிலையங்களுள் இதுவே முதலாவது. கல்கத்தாவில் 1853-இலும், ஆக்ராவில் 1864-இலும், பம்பாயில் 1870-இலும் பிற நிலையங்கள் எழுந்தன. வழிப்போக்கர்களுக்கு ஊமத்தை விதையைச் சோற்றில் கலந்து கொடுத்துக் கொள்ளையடிப்போர் மலிந்திருந்த காலம் அது. பாஷாணத்தைப் பிடிக்கும் சோதனை ஊமத்தையிடம் செல்லாது. அதற்குத் தாவர நஞ்சைப் பிரிக்கும் ஸ்டாஸின் வழியே வேண்டியிருந்தது. இன்றும் நச்சு இயல் பயிலும் இந்திய மாணவர் ஸ்டாஸ்-ஓட்டோ முறையைப் படிக்காமல் தேர்வெழுத முடியாது.

பிரித்த பின்னர் இனங்காண வேண்டும். அதற்கு நிறச் சோதனைகள் பல தோன்றின. 1896-இல் மார்க்கி என்பவர் வெளியிட்ட சோதனையில், ஃபார்மால்டிஹைடும் கந்தக அமிலமும் கலந்த கலவை மார்ஃபின்மேல் பட்டால் ஊதா நிறம் தோன்றும். ஆனால் நிறம் ஒரு குறிப்பே தவிர முடிவன்று; வேறு பொருள்களும் ஒத்த நிறத்தைக் காட்டக்கூடும். அதைவிடப் பெரிய எச்சரிக்கை இத்தாலியிலிருந்து வந்தது. 1870-களில் செல்மி என்னும் அறிஞர், அழுகும் பிணத்திலேயே ஆல்கலாய்டுகளை ஒத்த பொருள்கள் தாமாக உண்டாகின்றன என்று காட்டினார். நஞ்சே உண்ணாதவன் உடலிலும் நஞ்சு போன்ற ஒன்று சோதனையில் தென்படலாம்! எத்துணை அச்சந்தரும் செய்தி! ஒரே ஒரு நிறத்தை நம்பி எழுதப்படும் அறிக்கை குற்றமற்றவனைத் தூக்குமேடைக்கு அனுப்பிவிடுமன்றோ? ஆகவேதான் ஒன்றுக்கு மேற்பட்ட, ஒன்றையொன்று சாராத சோதனைகள் வேண்டும் என்னும் நெறி வலுப்பெற்றது. செல்மிக்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னரே ஸ்டாஸ் தாமாகக் கடைப்பிடித்த நெறி அதுவே.

தராசின்முன் ஒரு தவம்

வழக்கு முடிந்ததும் ஸ்டாஸ் மீண்டும் தம் தராசுக்குத் திரும்பினார். அக்காலத்தில் பிரௌட் என்பவர் கூறிய கருத்தொன்று அறிஞர் பலரை மயக்கியிருந்தது. எல்லா மூலகங்களும் ஹைட்ரஜனால் ஆனவை, ஆதலால் அவற்றின் அணு எடைகள் ஹைட்ரஜன் எடையின் முழு மடங்குகளாகவே இருக்கும் என்பது அக்கருத்து. கேட்பதற்கு இனியது, பல பொருள்களுக்கு ஓர் அடிப்படை என்னும் அழகும் அதில் உண்டு. ஸ்டாஸும் டூமாவும் கரிக்குக் கண்ட 12 என்னும் முழு எண் அதற்கு வலுவூட்டியது. ஸ்டாஸே அக்கருத்தில் பெரும்பாலும் நம்பிக்கை கொண்டுதான் ஆராய்ச்சியைத் தொடங்கினார்.

வெள்ளி, குளோரின், பொட்டாசியம், சோடியம், நைட்ரஜன் எனப் பல மூலகங்களை எடுத்துக்கொண்டார். ஒரு பொருளைப் பல வழிகளில் தூய்மை செய்து, ஒவ்வொரு வழியிலும் ஒரே விடை வருகின்றதா என்று பார்த்தார். 1860-லும் 1865-லும் வெளியான அவர் நூல்கள் வாய்மையின் இலக்கணமாக இன்றும் போற்றப்படுகின்றன. விடை என்ன? குளோரினின் அணு எடை 35.46-ஐ ஒட்டி நின்றது. 35-ஆகவும் இல்லை, 36-ஆகவும் இல்லை. எவ்வளவு தூய்மை செய்தாலும் அந்தப் பின்னம் மறையவில்லை. தாம் நம்பிய கருத்தை ஸ்டாஸ் கைவிட்டார். பிரௌட்டின் கருத்து வெறும் கற்பனை என்று அறிவித்தார். பொக்கார்மே கோமகனின் காடியை நம்ப மறுத்தவர், தம் மனத்துக்கு இனிய கருத்தையும் சான்றின்றி நம்ப மறுத்துவிட்டார்.

தொண்டையில் ஏற்பட்ட நோயினால் வகுப்பில் பேச முடியாமற் போகவே, அவர் பேராசிரியர் பதவியைத் துறந்தார். பின்னர் நாணயச்சாலையின் ஆணையாளராக இருந்தார். அரசாங்கத்தின் நாணயக் கொள்கை தமக்கு உடன்பாடில்லை என்று கண்டு, 1872-இல் அதையும் விட்டு விலகினார். உலகப் பொதுவான மீட்டர், கிலோகிராம் அளவைகளுக்கு மூலப்படிகள் உருவாக்கும் பணியிலும் அவருக்குப் பங்கு உண்டு. இலண்டன் ராயல் சொசைட்டி 1885-இல் அவருக்கு டேவி பதக்கம் அளித்தது. 1891-ஆம் ஆண்டு டிசம்பர் 13-ஆம் நாள் அவர் பிரஸ்ஸெல்ஸில் காலமானார்.

ஸ்டாஸின் எண்களும் இறுதி எண்கள் ஆகிவிடவில்லை. வெள்ளிக்கு அவர் கண்டது 107.93, இன்று நாம் கொள்வது 107.87. அவர் பயன்படுத்திய வெள்ளியில் சிறிதளவு ஆக்சிஜன் கலந்திருந்தது என்று பின்வந்தோர் கண்டனர். அமெரிக்கரான ரிச்சர்ட்ஸ் அந்த எண்களைத் திருத்தி, அணு எடை ஆராய்ச்சிக்காக 1914-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றார். தூய்மையின் கடைசிப் படி என்று ஒன்று இல்லை என்பதையே இது காட்டுகிறது.

இரு வழிகளும் கூடிய இடம்

குளோரினின் அந்தப் பின்னத்துக்குப் பொருள் என்ன? விடை கிடைக்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1919-இல் இங்கிலாந்தில் ஆஸ்டன் ஒரு கருவியை அமைத்தார். அணுக்களை மின்னேற்றம் பெறச் செய்து, மின்புலம், காந்தப்புலம் ஆகியவற்றின் வழியே செலுத்தி, எடைவாரியாகப் பிரிக்கும் கருவி அது. அதில் குளோரின் இரண்டாகப் பிரிந்தது: எடை 35 கொண்ட அணுக்கள் ஒருபுறம், 37 கொண்டவை ஒருபுறம். இயற்கைக் குளோரின் இவ்விரண்டின் கலவை. ஸ்டாஸ் அளந்தது அக்கலவையின் சராசரி. அவர் தராசு பொய் சொல்லவில்லை. அது சொன்னதன் உட்பொருள் அவர் காலத்துக்குப் பிறகே விளங்கியது.

அந்தக் கருவியின் வழித்தோன்றல்தான் இன்றைய நிறைநிரல்மானி. இன்று தடய அறிவியல் கூடங்களில் போதை மருந்துகளை உறுதி செய்வதற்குப் பெரிதும் நம்பப்படும் கருவி அதுவே! 1950-களின் நடுவில் வாயு நிறப்பிரிகை முறையோடு இதனை இணைத்தனர். குருதியிலோ சிறுநீரிலோ இருந்து பிரித்த சத்தை ஆவியாக்கி, மயிரிழை போன்ற நீண்ட குழாய் வழியே செலுத்துவர். கலந்திருக்கும் பொருள்கள் ஒவ்வொன்றும் தனக்குரிய நேரத்தில் வெளிவரும். வெளிவருவதை எலக்ட்ரான்களால் தாக்கினால் மூலக்கூறு உடைந்து துண்டுகளாகும். அத்துண்டுகளின் எடைக் கோலம் அப்பொருளுக்குக் கைரேகை போன்றது. ஸ்டாஸ் தம் வாழ்நாளில் தனித்தனியே நடந்த நச்சுப் பாதையும் அணு எடைப் பாதையும் இவ்வாறு ஒரே மேசையின்மேல் வந்து கூடின.

கருவி புதியது, அதற்கு முந்திய படி பழையது. சிறுநீரின் அமில காரத் தன்மையை மாற்றி, மருந்தை நீரிலிருந்து கரைப்பானுக்கு இழுக்கும் வேலை இன்றும் நடக்கிறது. முதலில் விரைவான ஒரு சோதனை. அதில் ஐயம் தோன்றினால் வேறு தத்துவத்தில் அமைந்த இரண்டாவது சோதனை. இடையிடையே மருந்து இல்லாத மாதிரியும், அளவு தெரிந்த மாதிரியும் வைத்துக் கருவியையே சோதிப்பது ஆகியவை இன்றைய விதிகள்.

இத்தனைக்குப் பிறகும் ஸ்டாஸின் எல்லைக்கோடு மாறவில்லை. நம் வீட்டுக் குருமாவிலும் பாயசத்திலும் சேரும் கசகசா, அபின் செடியின் விதைதான். அதை மிகுதியாக உண்டவர் சிறுநீரில் மார்ஃபின் தென்படக்கூடும். கோடீன் கலந்த இருமல் மருந்து குடித்தவர் உடலிலும் கோடீனில் ஒரு பகுதி மார்ஃபினாக மாறும். கருவி மார்ஃபின் என்று காட்டினால் அது மார்ஃபின்தான். ஆனால் அவர் அபின் உண்டார் என்று அதனால் மட்டும் முடிவாகிவிடாது. விளையாட்டு வீரரின் பதக்கம், தொழிலாளியின் வேலை, கூண்டில் நிற்பவரின் விடுதலை ஆகியவை இந்த வேறுபாட்டைத் தொட்டு நிற்கின்றன.

நம் சங்கத்தில் இரசாயனம் பயில்வோர் உண்டு. மருத்துவம் பயில்வோர் உண்டு. சட்டம் பயின்று நாளை வழக்காடப் போவோரும் உண்டு. ஒருவர் சோதனை செய்வார். ஒருவர் அறிக்கை எழுதுவார். ஒருவர் அந்த அறிக்கையை நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணை செய்வார். மூவருக்கும் ஸ்டாஸின் வாழ்வில் பாடம் உண்டு. கையெட்டும் விடையில் நின்றுவிடாமை, கண்டதை வேறு வழியிலும் சரிபார்த்தல், சான்று மாறினால் தம் கருத்தையும் மாற்றிக்கொள்ளல், சாடி சொல்லாததைத் தாம் சொல்லாமை ஆகிய நான்கும் இருந்தால் சிறு சோதனைச்சாலையும் நீதிக்குத் துணை செய்யும். இவை இல்லையேல் கோடிப் பொருள் கொடுத்து வாங்கிய கருவியும் குற்றமற்றவனைக் காவாது.